பாயிரம் பெரிதானால்

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது தமிழ் மரபு. ஆயினும் அப்பாயிரத்தை யார் சொல்லுதல் வேண்டும் என்பதில் நம் இலக்கண ஆசிரியர்கள் மிக விழிப்பாக இருந்தனர். நூல் செய்தவனுடைய ஆசிரியன் சொல்லலாம், உடன் கற்றவன் சொல்லலாம், மாணாக்கன் சொல்லலாம், தக்க உரைகாரன் சொல்லலாம். நூல் செய்தவனே தன் நூலைப் புகழ்ந்து கொள்ளுதல், அவன் எத்துணைப் புலமையுடையவனாயினும், தகாது என்று விலக்கினார் நன்னூலார். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்தவர் தொல்காப்பியர் அல்லர். அவரோடு ஒருங்கு கற்ற பனம்பாரனார். இவ்விதியை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் இவ்விதி மீறப்படுமாயின் என்ன விளையும் என்பதைக் காட்டுதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் எளிதில் கிடைப்பதில்லை. இன்று கிடைத்துள்ளன. அவை இலக்கியத்தில் இல்லை. நம் மாணாக்கர் இரவெல்லாம் கண் விழித்து ஆடுகின்ற வீடியோ விளையாட்டுகளில் உள்ளன.

விளையாட்டைப் பற்றித் திறனாய்வா என்று முகம் சுளிப்பார் சிலர் இருக்கக்கூடும். நாடகத்தையும் திரைப்படத்தையும் கண்டு நம் முன்னோர் சுளித்த முகத்தை அவர்கள் நினைத்துப் பார்த்தல் நலம். கதையும், கதைமாந்தரும், ஓவியமும், இசையும் ஒருங்கே அமைந்த ஒன்று கலையாகாது என்று எப்படிச் சொல்வது? ஆனால் மற்றைக் கலைகளுக்கு இல்லாத ஒரு தன்மை இதற்கு உண்டு. இதன் பாயிரம் நூல் முடிவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே வெளிவந்துவிடுகிறது. அதைச் சொல்பவரும் நூல் செய்பவரே. அப்பாயிரத்தை நம்பி, நூலைக் காணாமலே பணம் கட்டுவோர் இலட்சக்கணக்கானோர். ஆதலின், ஒரு விளையாட்டு எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்ததா, தாழ்ந்ததா என்னும் கேள்வி ஆடுவோரிடையே ஓயாமல் எழுகின்றது. அக்கேள்வியில் இரண்டு கணக்குகள் கலந்து கிடக்கின்றன. நூலின் தரம் ஒன்று; சொன்ன சொல்லின் நேர்மை மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எழுதப்படும் மதிப்புரைகளே இன்று மிகுதி என்பது என் துணிபு.

முதலில் பழைய வழக்கொன்றை எடுத்துக்கொள்வோம். 1982ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஸ்டீவன் ஸ்பில்பெர்க்கின் 'ஈ.டி.' என்னும் திரைப்படம் அமெரிக்க மக்களின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டிருந்தது. அதனை விளையாட்டாக்கும் உரிமையை அட்டாரி நிறுவனம் இரண்டு கோடி அமெரிக்க வெள்ளிக்கு மேல் கொடுத்துப் பெற்றது எனக் கூறுவர். பேச்சு முடிந்தது ஜூலைத் திங்களின் இறுதியில். கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கடைக்கு வர வேண்டுமாயின், செப்டம்பர் தொடக்கத்திலேயே ஆக்கம் முடிந்திருத்தல் வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவரிடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. அவருக்குக் கிடைத்தது ஐந்து வாரம். இதற்கு முன் அவர் செய்த 'யார்ஸ் ரிவெஞ்ச்' பல மாத உழைப்பில் உருவானது; இன்றும் அறிந்தோர் போற்றுவது.

ஐந்து வாரத்தில் 8 கிலோபைட் அளவுக்குள் அவர் செய்தது என்ன? வேற்றுக் கோளிலிருந்து வந்த அச்சிற்றுயிர் குழிகளுள் இறங்கித் தொலைபேசியின் மூன்று உறுப்புகளைத் தேடி எடுத்து, தன் கூட்டத்தாரை அழைத்து வீடு திரும்ப வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் அதன் ஆற்றல் குறைந்துகொண்டே வரும். இதனுள் ஓர் உண்மையான கற்பனை இருக்கிறது. சுட்டு வீழ்த்துவதே விளையாட்டு என்றிருந்த காலத்தில், தனித்துவிடப்பட்ட ஓர் உயிரின் ஏக்கத்தை விளையாட்டாக்க முயன்றார் அவர். ஆனால் பழுதும் பெரிது. உயிரின் கால் தரையில் நிற்கும்போதே, தலை குழியின் விளிம்பைத் தொட்டதாகத் திரையில் தெரிந்தால், அது குழிக்குள் விழுந்துவிடும். ஏறினால் மறுபடியும் விழும். சிறுவர் சலித்து அழுதனர். விற்காத கார்ட்ரிட்ஜ்கள் 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பைமேட்டில், வேறு பல விளையாட்டுகளோடு சேர்த்துப் புதைக்கப்பட்டன.

அவ்வாண்டில் அமெரிக்க விளையாட்டுத் தொழிலே சரிந்தது. அச்சரிவுக்கு இவ்வொரு விளையாட்டே காரணம் என்று இன்றளவும் எழுதுகின்றனர். இது நேர்மையான தீர்ப்பு அன்று. தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் மலைபோல் குவிந்திருந்தன. வீட்டுக் கணினிகளின் விலையும் இறங்கிக்கொண்டிருந்தது. அட்டாரியே முன்னர் விற்ற 'பேக்-மேன்' பெயர்ப்பும் மக்களை ஏமாற்றியிருந்தது. பிற்காலத்தில் ஆர்வலர் ஒருவர் நிரலில் சிறு திருத்தங்கள் செய்து குழியில் விழும் பழுதை நீக்கிக் காட்டினார். கால அளவும் கூலியும் குறித்துக் கொடுத்தவன் முதலாளி. வசை சுமந்தவன் தொழிலாளி. தோட்டப்புறத்தில் வாழ்ந்தோர்க்கு இந்நீதி புதிதன்று.

இனி, எதிர்பார்ப்பு என்னும் நோயின் முழு உருவத்தையும் காண வேண்டுமாயின் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்னும் விளையாட்டையே காணுதல் வேண்டும். இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு என்னும் ஊரில் உள்ள ஹலோ கேம்ஸ் என்பது மிகச் சிறிய நிறுவனம். அதன் தலைவர் ஷான் மரே. இவ்விளையாட்டை அவர்கள் உலகுக்கு முதன்முதல் காட்டியது 2013 டிசம்பரில். விற்பனைக்கு வந்தது 2016 ஆகஸ்டில். இடைப்பட்ட ஆண்டுகளில் பாயிரம் வளர்ந்து வானளாவியது.

விளையாட்டின் கருத்து வியப்பானது. அதில் உள்ள கோள்களின் எண்ணிக்கை, இரண்டை அறுபத்துநான்கு முறை அடுக்கிப் பெருக்கி வருவது. ஏறத்தாழ ஒரு லட்சத்து எண்பதினாயிரம் கோடி கோடி. சதுரங்கப் பலகையின் கட்டங்களில் நெல்மணியை இரட்டித்து இரட்டித்து வைக்கச் சொன்ன புலவன் கதையைக் கணக்கு வகுப்பில் சொல்வோமே, அக்கதையின் மொத்த நெல்மணியைவிட ஒன்றே ஒன்று கூடுதல். நொடிக்கு ஒரு கோளாகப் பார்த்தாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இத்தனையையும் எவரும் வரைந்து வைக்கவில்லை. எந்தக் கணினியிலும் சேர்த்து வைக்கவுமில்லை. ஓர் எண்ணை விதையாக இட்டால், வகுத்த விதிகளின்படி மலையும் கடலும் விலங்கும் புல்லும் அவ்வப்போதே விளைந்து எழும். அதே எண்ணுக்கு அதே கோள்தான் எழும். ஆதலால் ஒருவர் கண்ட கோளை மற்றவரும் சென்று காணலாம்.

இவ்வாக்கமுறையைத் தமிழாசிரியர் எளிதில் உணர்ந்துகொள்வர். சில அசைகளும் சில தளைகளும் கொண்டு எண்ணிலடங்கா வெண்பாக்களை யாக்கலாம் அன்றோ? அதுவே இது. ஆனால் தளை தட்டாத வெண்பாவெல்லாம் கவிதை ஆகிவிடுவதில்லை. வாங்கியவர்கள் முதல் பத்துக் கோள்களில் மெய்ம்மறந்தனர். இருபதாவதில் கொட்டாவி விட்டனர். நிறம் மாறியது, காலின் எண்ணிக்கை மாறியது, கொம்பு மாறியது. அங்கே செய்வதற்குரிய செயல் மட்டும் மாறவில்லை. கூறியது கூறல் என்னும் குற்றத்தை இத்துணைப் பெரிய அளவில் உலகம் அதுவரை கண்டதில்லை.

இது நூலின் தரம். மற்றைக் கணக்கு இதனினும் கடுமையானது. ஆடுவோர் ஒருவரையொருவர் சந்திக்க முடியுமா என்று கேட்டபோது, முடியும், ஆனால் வெளி மிகப் பரந்ததாதலின் அது மிக அரிது என்னும் பொருள்பட மரே விடை கூறியிருந்தார். விற்பனைக்கு வந்த முதல் நாளிலேயே இருவர் ஒரே கோளில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தனர். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் புலப்படவே இல்லை. அரிது என்று சொல்லப்பட்டது அன்று இல்லை என்றே ஆயிற்று. அறுபது அமெரிக்க வெள்ளி கொடுத்தவர்கள் கொதித்தெழுந்தனர். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் முறையீடுகளை ஆராய்ந்து, விளம்பரங்கள் மக்களை ஏமாற்றவில்லை என்று 2016 நவம்பரில் முடிவு கூறியது. சட்டத்தின் முடிவு அது. ஆனால் பாயிரம் என்பது விளம்பரப் பலகையில் எழுதியது மட்டுமன்று. நேர்காணலில் தலையசைத்ததும் பாயிரமே.

மரேயின் சார்பில் ஒன்று சொல்லலாம். தன் ஆற்றலை அறியாதார் நடுவே தற்புகழ்ச்சி குற்றமாகாது என்று நன்னூலாரே விதிவிலக்குத் தந்துள்ளார். பெருநிறுவனங்களின் நடுவே ஒரு சிறு குழுவினர் தம்மை அறிவித்துக்கொள்ள வேறு வழியில்லை. ஆனால் விதிவிலக்கு, உள்ள ஆற்றலைச் சொல்லுதற்கே. இனிமேல் வரவேண்டிய ஆற்றலைச் சொல்லுதற்கு அன்று.

அதன் பின்னர் அவர்கள் செய்தது பாராட்டுக்கு உரியது. வாய் மூடினர். சில திங்கள் கழித்து, 2016 நவம்பரில், முதற் பெருந்திருத்தம் வந்தது. 2018 ஜூலையில் வந்த திருத்தத்தில் ஆடுவோர் ஒருவரையொருவர் கண்ணாரக் கண்டு கூடி ஆடவும் இயன்றது. ஆண்டுதோறும் புதியன சேர்ந்தன. ஒன்றுக்கும் தனிப் பணம் கேட்கவில்லை. 2020இல் தொடர்ந்து வளரும் சிறந்த விளையாட்டு என்னும் பரிசு 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் இதற்குக் கிடைத்தது. பாயிரம் சொன்னதையும் கடந்து நூல் வளர்ந்துவிட்டது என்று இன்று கூறுவோர் பலர். அது உண்மை.

ஆயின், முதற் குற்றம் அழிந்துவிட்டதா? அழிந்தது என்கின்றனர் பெரும்பாலோர். எனக்கு அதில் உடன்பாடில்லை. நூலுக்கு இரண்டாம் பதிப்பு உண்டு. சொன்ன சொல்லுக்கு இரண்டாம் பதிப்பு இல்லை. 2016 ஆகஸ்டில் தன் சேமிப்பைக் கொடுத்து வாங்கி, ஏமாந்து, விற்றுவிட்டுப் போன சிறுவனுக்கு 2018இன் திருத்தம் என்ன பயன்? மேலும், இம்மீட்சியின் புகழ் தொழிலுக்கே ஒரு தீய பாடத்தைக் கற்பித்துவிட்டது. முதலில் விற்றுக்கொள்வோம், பிறகு முடித்துக்கொள்வோம் என்னும் துணிவு பிறருக்கும் வந்தது.

அத்துணிவின் விளைவை 2020 டிசம்பரில் கண்டோம். போலந்து நாட்டின் சி.டி. புரொஜெக்ட் நிறுவனம் 2012இல் அறிவித்த 'சைபர்பங்க் 2077', ஒரே ஆண்டில் மூன்று முறை நாள் மாற்றப்பட்டு, டிசம்பர் 10ஆம் நாள் வெளிவந்தது. எண்பது லட்சம் பேர் முன்னரே வாங்கியிருந்தனர். உயர்ந்த கணினிகளில் அது அழகாகவே ஓடியது. பழைய பிளேஸ்டேஷன் 4 கருவியிலோ மனிதர் முகமின்றி நின்றனர். ஊர்திகள் வெறுவெளியில் தோன்றின. ஆட்டம் நடுவே அறுந்து விழுந்தது. ஒரு வாரத்தில் சோனி நிறுவனம் அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. மீண்டும் அக்கடையில் இடம் பெற்றது 2021 ஜூனில்.

இதில் மதிப்புரை எழுதுவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வெளியீட்டுக்கு முன் மதிப்புரைக்காக அனுப்பப்பட்டது கணினிப் படி மட்டுமே. பழைய கருவிக்குரிய படி அனுப்பப்படவில்லை. ஆதலால் முதலில் வந்த மதிப்புரைகள் புகழ்மாலையாக இருந்தன. அவர்கள் பொய் எழுதவில்லை. கண்ட படியை எழுதினர். காணாத படி ஒன்று உண்டு என்பதை உரக்கச் சொல்லியிருக்க வேண்டியது அவர்தம் கடமை. ஒரே ஓலைச்சுவடியைப் பார்த்துவிட்டு இதுவே பாடம் என்று அறுதியிடும் பதிப்பாசிரியனை நாம் ஒப்புவோமா? 2023இல் வந்த திருத்தங்களும் புதுப்பகுதியும் இவ்விளையாட்டை உண்மையிலேயே சிறந்ததாக்கிவிட்டன என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. கதைமாந்தர் உரையாடலில் அது இன்று பல திரைப்படங்களை விஞ்சும்.

தோல்வியை ஒப்புக்கொள்ளும் முறையில் இவ்விரண்டினும் உயர்ந்தது ஜப்பானியரின் 'ஃபைனல் ஃபேன்டசி 14'. 2010 செப்டம்பரில் வந்தது. வந்த நாளிலேயே தோற்றது. புகழ்பெற்ற வரிசையில் வந்த நூலாதலின் வீழ்ச்சி பெரிதாயிற்று. டிசம்பரில் பொறுப்பாளர் மாற்றப்பட்டு நவோகி யோஷிடா என்பவர் அமர்ந்தார். மாதக் கட்டணம் வாங்குவது ஓராண்டுக்கு மேல் நிறுத்தி வைக்கப்பட்டது. சொன்ன சொல்லுக்குரிய கணக்கைத் தீர்க்கும் முறை இதுவே என்பேன். பழுதின் காரணத்தை யோஷிடா விளக்கியதும் நினைக்கத்தக்கது. ஒரு பூந்தொட்டியைத் தீட்ட, ஆடுவோனுடைய உருவத்தைத் தீட்டும் அளவுக்குக் கணினியை உழைக்க வைத்திருந்தனராம். தொட்டிகள் நிறைந்த தெருவில் மனிதர் பலர் கூடி நிற்க இடமின்றிப் போயிற்று. நாட்டுப்படலத்தையும் நகரப்படலத்தையும் பாடிப் பாடி, தலைவன் பிறக்குமுன் ஏடு தீர்ந்துபோன புலவர் சிலரை நாம் அறிவோம்.

யோஷிடா இருவேலைகளை ஒருசேரச் செய்தார். பழையதைத் திருத்திக்கொண்டே, மறைவில் புதியதையும் எழுப்பினார். 2012 நவம்பர் 11ஆம் நாள், விளையாட்டின் வானில் பல திங்களாக நெருங்கி வந்துகொண்டிருந்த சிவந்த நிலா வெடித்து, அதனுள்ளிருந்து பறவைநாகம் ஒன்று எழுந்து உலகை எரித்தது. அத்துடன் விளையாட்டு அணைந்தது. 2013 ஆகஸ்டில் புதிய பதிப்பு வந்தபோது, அவ்வழிவுக்கு ஐந்தாண்டுக்குப் பின் நிகழ்வதாகக் கதை தொடங்கியது. தம் தோல்வியை மறைக்காமல் காப்பியத்தின் ஊழிப்படலமாகவே ஆக்கிக்கொண்டனர். 2021 டிசம்பரில் ஆடுவோர் கூட்டம் தாங்க முடியாமல் சில காலம் விற்பனையையே நிறுத்த வேண்டியதாயிற்று.

நம் வட்டாரத்துக் கதையொன்றும் உண்டு; அது இத்துணை மகிழ்ச்சியானதன்று. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கிளை, 2013இல் வந்த கடற்கொள்ளையர் விளையாட்டொன்றில் கப்பற்போர்ப் பகுதிக்குத் துணைபுரிந்தது. அப்பகுதி பெரிதும் பாராட்டப்பட்டமையால், அதிலிருந்தே 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' என்னும் தனி விளையாட்டை எழுப்பத் தொடங்கினர். 2017இல் அறிவிப்பு, பன்முறை ஒத்திவைப்பு, 2024 பிப்ரவரியில் வெளியீடு. இந்தியப் பெருங்கடலைக் களமாகக் கொண்ட ஒன்று என்பதால் நமக்கு ஆவல் மிகுதி. நிறுவனத்தின் தலைவர் அதை உயர்தரத்துக்கும் மேலான தரம் என்றார். வாங்கிப் பார்த்தால், பகைவர் கப்பலில் தாவி வாள் வீச முடியாது. அது தானே நடந்து முடிந்ததாகக் காட்டப்படும். பதினோர் ஆண்டுக்கு முன் இருந்த சுவை இதில் இல்லை. சென்று தேய்ந்து இறுதல் என்பதற்கு இனி வேறு எடுத்துக்காட்டுத் தேட வேண்டா. நல்ல கைவினைஞர் அங்கே இருந்தனர் என்பது அலைகளைப் பார்த்தாலே தெரியும். திட்டம் அடிக்கடி மாறியதே குறை.

எதிர்பார்ப்பைக் கடந்து உயர்ந்தவற்றுள் ஒன்றைச் சொல்லாது விடுதல் முறையன்று. எரிக் பரோன் என்னும் இளைஞர், திரையரங்கு ஒன்றில் வழிகாட்டும் வேலையும் பார்த்துக்கொண்டு, ஏறத்தாழ நாலரை ஆண்டு தனியே உழைத்து 'ஸ்டார்டியூ வேலி' என்னும் விளையாட்டை 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். ஓவியம், இசை, கதை, நிரல் அனைத்தும் அவர் ஒருவரே. நகரத்து நிறுவன வேலையை வெறுத்த ஒருவன் பாட்டன் விட்டுச்சென்ற புதர் மண்டிய நிலத்துக்கு வந்து பயிரிடுகிறான், இவ்வளவே கதை. விடியுமுன் பால்மரக் காட்டுக்குப் போன பெற்றோரின் பிள்ளைகளாகிய நமக்கு, மண் வெட்டுவதை விளையாட்டு என்பது முதலில் நகைப்பாகவே தோன்றும். கங்காணி இல்லாத தோட்டமும், நான்கே நாளில் விளையும் கிழங்கும் கற்பனைக்கே உரியவை. ஆனால் ஆடிப்பார்த்தால், மாலையில் உடல் சோர்ந்து கை ஓய்வதும், மழை வந்தால் நீர் ஊற்றும் வேலை மிஞ்சுவதும், அயலாரின் பிறந்தநாளை நினைவில் வைப்பதும் எத்துணை உண்மையாக அமைந்துள்ளன! 2024ஆம் ஆண்டு இறுதிக்குள் நான்கு கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. பரோனும் விலையின்றிப் புதியன சேர்த்து வந்தார். வேறுபாடு யாதெனில், மரே கடனை அடைத்தார். பரோன் கொடை வழங்கினார்.

அவருக்குப் பாயிரம் சொன்னவர்கள் யார்? ஆடியவர்களே. ஒருவர் மற்றொருவரிடம் சொல்ல, அவர் வேறொருவரிடம் சொல்லப் பரவியது. 2018இல் கவனிப்பாரின்றி வெளிவந்து, 2020இல் ஊரடங்கின்போது உலகெங்கும் பரவிய 'அமாங் அஸ்' என்பதற்கும் அப்படியே. நன்னூலார் கேட்ட பாயிரம் இவ்வகைத்து.

ஆராய்ச்சியாளர்க்கு இனி வரப்போகும் இடர் ஒன்றுண்டு. ஈ.டி. விளையாட்டு 1982இல் எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கிறது. 2014 ஏப்ரலில் அலமகோர்டோ குப்பைமேட்டைத் தோண்டி எடுத்த கார்ட்ரிட்ஜ்களுள் ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. மற்றவற்றுள் பல ஏலத்தில் ஒரு லட்சம் அமெரிக்க வெள்ளிக்கு மேல் விலைபோயின. அதைப் பழித்தவர் சொல் சரியா, மிகையா என்று நாமே சோதிக்கலாம். திருத்திக்கொண்டே வரும் விளையாட்டுகளுக்கு அவ்வசதி இல்லை. புதிய பாடம் வந்ததும் பழைய பாடம் மறைகிறது. 2010ஆம் ஆண்டின் ஃபைனல் ஃபேன்டசி 14 நிறுவனத்தின் கணினிகளில் நிறுத்தப்பட்டுவிட்டமையால் அதனை வாங்கி ஆடிப்பார்க்க வழியில்லை. அதைக் குறைகூறியோர் எழுதியனவும், ஆடியோர் பிடித்துவைத்த படக்காட்சிகளும், பூந்தொட்டியைப் பற்றிய அவ்விளக்கமுமே எஞ்சியுள்ளன. பிறர் எடுத்தாண்ட பாடல்களால் மட்டும் நாம் வளையாபதியை அறிந்திருப்பது போல, அதையும் இனி அறிய வேண்டியதுதான்.